படத்தில் உள்ளூர்க்காரருக்கே முன்னுரிமை

மேட்டுவெளிப் பேரூராட்சி மன்றம் பொதுமக்கள் நலனைத் தவிர வேறு எதையும் நினைத்துப் பார்த்தது கிடையாது. இதை மன்றமே பலமுறை தீர்மானம் போட்டு உறுதி செய்திருக்கிறது. ஆகவே 'மேட்டுவெளிப் பசுமைப் புறநகர் ஒருங்கிணைந்த மறுவளர்ச்சித் திட்டம்' விவாதத்துக்கு வந்த அன்று, கூட்டத்தில் ஏசி ஓடியது, பார்வையாளர்களுக்கும் பாதாம் பால் கொடுத்தார்கள்.

நெய்வேலி தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரைச் சொல்வது சுலபம். டவுன்ஷிப்பின் அகலமான ரோடும் மரநிழலும் எங்கே முடிகிறதோ, அங்கே வெயில் ஆரம்பிக்கும். அதுதான் மேட்டுவெளி. கான்ட்ராக்ட் வேலைக்காரர்களும், மைன்ஸுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஏற்கெனவே ஊர் மாறி வந்தவர்களும் சேர்ந்து உண்டாக்கிய ஊர். டவுன்ஷிப் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் தெருக்களையும் பிளாக் என்றுதான் சொல்வோம். கீற்றுக் கொட்டகையாக இருந்தாலும் அது குவார்ட்டர்ஸ். மாப்பிள்ளை பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே "பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்போம். நிலம் போகிறது என்று காதில் விழுந்தால் போதும், எதற்குப் போகிறது, யாருக்குப் போகிறது என்றுகூடக் கேட்காமல் "வீட்டுக்கு ஒருத்தருக்கு பர்மனென்ட் வேலை" என்று குரல் கொடுத்துவிடுவோம். இந்தக் கடைசிப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது.

நான் தனகோட்டி. கான்ட்ராக்டில் பம்ப் ஓட்டி ஓய்ந்துபோனவன். மன்றக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவேன். ஜனநாயகத்தின் மேல் பற்று என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஏசியின் மேல்தான் பற்று.

பேரூராட்சித் தலைவர் ராஜாம்பாள். பேசுவது அவர் கணவர் சக்கரபாணி. 'தலைவரின் கணவர்' என்று ஒரு பதவி சட்டத்தில் இல்லையாம். எங்கள் மன்றத்தில் அதற்கு நாற்காலி இருக்கிறது, மின்விசிறியும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கும். செயல் அலுவலர் பவுல்ராஜ் விதி தெரிந்த மனிதர். எந்தக் கேள்வி கேட்டாலும் அது எந்த விதியின்படி கேட்கக் கூடாத கேள்வி என்று உடனே சொல்லிவிடுவார்.

அன்று சென்னையிலிருந்து ஆலோசகர் ரெஜின் வந்திருந்தார். சின்ன வயசு, பெரிய தாடி. பேண்ட் கணுக்காலுக்கு மேலேயே களைத்துப்போய் நின்றுவிட்டது. அவர் லேப்டாப்பைத் திறந்து, "இது வெறும் திட்டம் இல்ல சார், இது ஒரு வைப்" என்றார். மன்றம் அந்த இங்கிலீஷை அப்படியே குறிப்பில் ஏற்றிக்கொண்டது.

சுவரில் படம் விரிந்தது. மேட்டுவெளி இருந்த இடத்தில் பச்சைப் புல்வெளி, நடுவில் நீரூற்று, சைக்கிள் பாதை, வெளிநாட்டுப் பனை மரங்கள். ஜோடி ஜோடியாக வெள்ளை வெளேரென்று ஆட்கள் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். அடுக்குமாடிகள் தூரத்தில் கண்ணாடியாய் மின்னின. புல்வெளியில் பொன்னிறத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. கூடமே வாயைப் பிளந்து பார்த்தது. நானும்தான்.

பார்வையாளர் வரிசையிலிருந்து பொற்கொடி எழுந்தாள். டவுன்ஷிப் கேன்டீனில் கான்ட்ராக்டில் பாத்திரம் கழுவுகிறவள், மூன்றாவது பிளாக். போன தை மாதம்தான் கீற்றைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டாள். எங்கள் பிளாக்கில் தளம் போட்ட ஒரே வீடு அவளுடையதுதான். அதற்கு முந்தின மழையில் மகள் இசைப்பிரியாவின் பிளஸ் டூ புத்தகமெல்லாம் கூழாகிப் போனது. அன்றைக்கு எடுத்த வைராக்கியம் அந்தத் தளம்.

"அந்த நாயி படுத்துகினு இருக்குது பாருங்க, அந்த எடத்துலதாங்க எங்க வூடு இருக்குது" என்றாள்.

ரெஜின் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப ஃபிரண்ட்லியான நாய்தான் மேடம்."

"நாயச் சொல்லலீங்க. வூட்டச் சொல்றேன். இதெல்லாம் வந்தா நாங்க எங்க போறது?"

பவுல்ராஜ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இன்றைய பொருள், படத்தைப் பார்வையிடுவது மட்டும்தாம்மா. படத்தில் இல்லாத விஷயத்தை விவாதிக்க விதியில் இடமில்லை."

பொற்கொடி உட்காரவில்லை. அதற்குள் இரண்டாவது பிளாக் கவுன்சிலர் மருதமுத்து மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எதிர்க்கட்சிக்காரர். எங்கள் உரிமைக்காக எத்தனையோ மறியலில் உட்கார்ந்தவர். சரி, பொற்கொடிக்காகப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"தலைவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. இந்தப் படத்துல ஓடுறாங்களே, இவங்கள்லாம் எந்த ஊரு?"

ரெஜினுக்குப் புரியவில்லை. "சார், அவங்க சாஃப்ட்வேர்லயே வர்றவங்க."

"அப்ப வெளியூருதான?"

"அப்படின்னும் சொல்லலாம் சார்..."

அவ்வளவுதான். கூடம் பற்றிக்கொண்டது. "எங்க மண்ணு, எங்க வூடு, ஓடுறவன் வெளியூர்க்காரனா?" என்று மருதமுத்து முழங்கினார். "படத்தில் உள்ளூர்க்காரருக்கே முன்னுரிமை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த நிமிடம் எல்லாரும் அதையே கத்தினோம். ஏன் கத்தினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இத்தனை வருஷமாகக் கத்திப் பழகிய தொண்டை. மெட்டு ஒன்றுதான்.

தலைவரின் கணவருக்கும் தன்மானம் உண்டல்லவா? சக்கரபாணி மனைவியிடம் குனிந்து ஏதோ சொல்லி, தானே நிமிர்ந்து, "தலைவர் ஒத்துக்கிறாங்க" என்றார். ராஜாம்பாள் பாதாம் பால் குடித்துக்கொண்டிருந்தார். அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டது. மேற்படி திட்டத்தின் பொருட்டு வீட்டை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், அவ்வீட்டுக்கு ஈடாக, மேற்படி படத்தில் ஒரு நபருக்கு நிரந்தர இடம் வழங்கப்பட வேண்டும். 'ஈடாக' என்பதைச் சேர்க்கச் சொன்னதே மருதமுத்துதான். எழுதும்போது அது இல்லாவிட்டால் கோரிக்கை மாதிரியே தெரியாது என்றார்.

பவுல்ராஜ் ஒருமுறை கேட்டார். "ஈடாக என்று போடலாமா? யோசித்துச் சொல்லுங்கள்."

"போடுங்க சார்! எங்களுக்கு நீங்க சொல்லித் தர வேணாம்!"

போட்டார்.

மறுநாளிலிருந்து மேட்டுவெளியில் யாரும் யாரையும் நிம்மதியாக விடவில்லை. படத்தில் முன்வரிசையில் ஓடுகிறவர்கள் பர்மனென்ட் என்றும், பின்னால் மரத்தடியில் மங்கலாகத் தெரிகிறவர்கள் கான்ட்ராக்ட் என்றும் எப்படியோ பேச்சு கிளம்பிவிட்டது. முன்வரிசைக்குச் சிபாரிசு தேட ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் வீட்டுக்கு ஒருவர் யார் என்று சண்டை வந்து, ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டு வீடாக்கினார்கள். இடிக்கப்போகிற வீட்டுக்கு இவ்வளவு அக்கறையாகப் பூச்சு வேலை நடந்து நான் பார்த்ததில்லை. முதல் பிளாக்கில் ஒரு கிழவர், படத்தில் சேர்க்கப் போட்டோ எடுப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் மகன் வாரிசு அடிப்படையில் இடம் கேட்டு மனுக் கொடுத்தான். மன்றம் இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகு அதைப் பரிவுடன் ஏற்றது.

படத்தில் இருப்பவர்கள் ஓடவேண்டும் என்று ரெஜின் சொல்லியிருந்தார். ஆகவே ஊரே ஓடிப் பழகியது. பண்ருட்டிக் கடைகளில் டிராக் பேண்ட் தீர்ந்துபோனது. அரைமைல் நடந்து தண்ணீர்க் குடம் தூக்கி வருகிற பெண்கள், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஆரோக்கியத்துக்காக இன்னொரு அரைமைல் ஓடினார்கள். எங்கள் வீட்டில் நான் ஓடுவதென்று முடிவானது. ஒருநாள் டவுன்ஷிப் எல்லையில் செக்யூரிட்டி என்னை நிறுத்தி, யார் துரத்துகிறார்கள் என்று கேட்டார்.

அடுத்த பிரச்சினையை ரெஜினே கொண்டுவந்தார். இத்தனை பேரை ஒரே படத்தில் போட்டால் புல் தெரியாது, கம்ப்யூட்டரும் தாங்காது என்றார். மன்றம் இரண்டு நாள் விவாதித்தது. எங்கள் ஊரில் ஆள் அதிகமானால் என்ன செய்வோம்? ஷிஃப்ட் போடுவோம். காலை வெயிலில் ஒரு படம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். சாயங்காலச் சிவப்பில் ஒரு படம் செகண்ட் ஷிஃப்ட். விளக்குகள் எரிகிற படம் நைட் ஷிஃப்ட். யாருக்கும் நைட் ஷிஃப்ட் பிடிக்கவில்லை. முகம் தெரியாதாம். நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு அலவன்ஸாகக் கையில் ஆளுக்கொரு டார்ச் கொடுப்பதென்று சமரசமானது. தலைவர் குடும்பத்துக்கு மட்டும் பளிச்சென்ற பகல் வெளிச்சத்தில் ஜெனரல் ஷிஃப்ட் என்று நாலாவதாக ஒரு படம். சக்கரபாணி அதில் நீரூற்றுக்குப் பக்கத்தில் யோகா செய்தார்.

பொற்கொடி மட்டும் போட்டோ எடுக்கப் போகவில்லை.

இதனால் படத்தில் மூன்றாவது பிளாக் மூலையில் அந்த நாய் தனியாகவே படுத்திருந்தது. படம் முழுமை பெறவில்லை என்று ஊரில் முணுமுணுத்தார்கள். ஒருநாள் சக்கரபாணி பரிவாரத்தோடு அவள் வீட்டுக்குப் போனார். அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் உள்ளே போய் நின்றேன்.

"என்னா பொற்கொடி, ஊரே ஒண்ணா நிக்கும்போது நீ மட்டும் முரண்டு புடிச்சா எப்படி? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல முன்னாடியே போடச் சொல்றேன்."

"எனக்குப் படம் வேணாங்க. வூடுதாங்க வேணும்."

"வூட்டுக்குப் பதிலாத்தான படம்?"

"படத்துல நின்னுகினு இருந்தா, மழ வந்தா எங்கங்க போய் ஒதுங்குறது?"

சக்கரபாணி பொறுமையாகச் சிரித்தார். "படத்துல மழ வராது பொற்கொடி."

பரிவாரம் ஆமாம் ஆமாம் என்றது. அவள் என்னைப் பார்த்தாள். "தனகோட்டி அண்ணே, நீயாச்சும் சொல்லுண்ணே. எங்க மாமனாருக்கு ஒரு ஊரு போச்சு. எங்க வூட்டுக்காரருக்கு ஒரு ஊரு போச்சு. இந்தத் தளத்துக்குக் கீழதான் எம் பொண்ணு நனையாம படிக்குது. இதையும் குடுத்துட்டு நான் எங்க ஓடுறது?"

என்ன சொல்வது? நான் செகண்ட் ஷிஃப்டில், ஒரு பனை மரத்துக்குப் பின்னால், பாதித் தோள் தெரிகிற இடத்தில் இருந்தேன். மரத்தைக் கொஞ்சம் நகர்த்தித் தருவதாகச் சக்கரபாணி வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே, "எல்லாரோடயும் ஒத்துப் போம்மா" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

திருத்திய படங்கள் மன்றத்தில் காட்டப்பட்ட நாளை மறக்க முடியாது. உட்கார இடமில்லை. ஒவ்வொருவரும் விரலை நீட்டித் தன்னையே தேடினோம். "அதோ நானு! அதோ நானு!" கைதட்டல் அடங்கவே இல்லை. மருதமுத்துவுக்குத் தொப்பையைக் குறைத்து வரைந்திருந்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டார். ஆளும்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இன்றித் திட்டம் நிறைவேறியது.

ஐப்பசி பிறந்ததும் பொக்லைன்கள் வந்தன.

அப்போதும் நாங்கள் பதறவில்லை. மாற்று வீட்டுச் சாவியை எங்கே போய் வாங்குவது என்று கேட்கத்தான் மருதமுத்து தலைமையில் மன்றத்துக்குப் போனோம். பவுல்ராஜ் எங்களை உட்காரச் சொன்னார்.

"என்ன மாற்று வீடு?"

"என்னா சார் இப்படிக் கேக்குறீங்க? எங்க வூட்ட இடிக்கிறீங்க இல்ல?"

"அந்த வீட்டுக்கு ஈடாகத்தானே படத்தில் நிரந்தர இடம் வாங்கிக்கொண்டீர்கள்? ஒரே வீட்டுக்கு இரண்டு ஈடு கொடுத்தால் ஆடிட்டில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். ஈடாக என்று போடலாமா என்று அன்றைக்கே கேட்டேன்."

எல்லாரும் சக்கரபாணியைப் பார்த்தோம். அவர் முகம் எங்களைவிட வெளுத்திருந்தது. அவருடைய இரண்டு மாடி வீடு படத்தில் நீரூற்றுக்குள் வந்திருந்தது. அவர் யோகா செய்து கொண்டிருந்ததே சொந்தச் சமையலறையில்தான். அதை விடுங்கள், பேரூராட்சி அலுவலகமே சைக்கிள் பாதையில் இருந்தது. படத்தில் அழகாக வளைந்து போகிறதே என்று மன்றமே பாராட்டிய பாதை.

ஒரே வாரத்தில் மேட்டுவெளி தரையோடு தரையானது. கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. நின்றது ஒரே ஒரு வீடுதான். ஈடு வாங்காதவள் வீட்டை இடித்தால் அவள் கோர்ட்டுக்குப் போவாள், போனால் ஜெயிப்பாள் என்று பவுல்ராஜ் விதியைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

பொற்கொடி கதவைத் திறந்து வைத்தாள். ஒருவரையும் போ என்று சொல்லவில்லை. எங்கள் பீரோ, மருதமுத்து வீட்டுப் பிரிட்ஜ், யாரோ ஒருவரின் நான்கு ஆடுகள், கடைசியில் ராஜாம்பாள் அம்மாவும் அவர் கணவரும் அந்த நாற்காலியும் எல்லாமே அந்தத் தளத்துக்குக் கீழே வந்து சேர்ந்தன. இசைப்பிரியா பீரோவுக்கும் ஆட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து படித்தாள்.

இப்படி ஒரு வாரம் சும்மா இருந்தால் மனிதர்களுக்கு என்ன தோன்றும்? நியாயம் தோன்றும். முதலில் வள்ளியம்மாள்தான், அதாவது என் மனைவிதான், ஆரம்பித்தாள். "எல்லார் வூடும் போச்சு. இவ வூடு மட்டும் எப்படி நிக்குது?" அதை அவள் பொற்கொடி கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "அதான, பாரபட்சமா இல்ல இருக்குது!" என்றார் மருதமுத்து. அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. மறுநாள் பண்ருட்டி ரோட்டில் மறியலில் உட்கார்ந்தோம். ஒருத்திக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? பொற்கொடி வீட்டையும் இடி! நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கத்தினேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். வேறு யாருக்கும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கும் போய்விட்டது.

மக்கள் உணர்வை மதித்து மன்றம் அவசரமாகக் கூடியது. அலுவலகம் இல்லாததால் பொற்கொடி வீட்டு முன்னறையிலேயே கூடியது. ரெஜினையும் வரவழைத்திருந்தார்கள். ஈடு வாங்காததுதானே சிக்கல், அவளையும் படத்தில் சேர்த்துவிட்டால் ஈடு கொடுத்ததாகிவிடும் என்று பவுல்ராஜ் வழி சொன்னார். அவள்தான் நிற்க மாட்டேன் என்கிறாளே என்று சக்கரபாணி கையைப் பிசைந்தார். அப்போது பொற்கொடி, கேன்டீன் வேலை முடித்து வந்த கையோடு, தட்டு நிறைய டீ டம்ளர்களோடு உள்ளேயிருந்து வந்தாள்.

ரெஜின் போனைத் தூக்கி அவளுக்கு நேராகப் பிடித்தார். "எடுத்தாச்சு சார்."

அவளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. தட்டைக் கீழே வைத்தாள். ஜெனரல் ஷிஃப்டில் முதல் வரிசையில் அவளைப் போடுவதென்று பவுல்ராஜ் வாசித்தார். இவளுக்கு மட்டும் ஜெனரல் ஷிஃப்டா என்று வள்ளியம்மாள் என் காதில் பொருமினாள். மருதமுத்து ஒரே ஒரு திருத்தம் கேட்டார். "இடிக்கிறத திங்கக்கெழமைக்கு அப்புறமா வெச்சுக்கலாம். எங்க பிரிட்ஜு உள்ள இருக்குது." திருத்தம் ஏற்கப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பொற்கொடி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் எங்கள் முகங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் எங்கனா போறேன். எனக்குப் பழக்கந்தான். திங்கக்கெழமைக்கு அப்புறம் நீங்கள்லாம் எங்கங்க போவீங்க?"

ஆடு கத்தியது. சக்கரபாணிதான் சமாளித்தார்.

"அதெல்லாம் யோசிக்காமயா இருப்போம் பொற்கொடி? அடுத்த படத்துல எல்லாருக்கும் வூடு போடச் சொல்லியிருக்கு. தளம் போட்ட வூடு."

நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். பொற்கொடி உள்ளே போய்ச் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள். முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தோம்.